ஊரே பெத்லகேம்: கிரேச்சோவின் எண்ணூறு ஆண்டுக் குடில்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் நடக்கும் முதல் வேலை கேழ்வரகு விதைப்பதுதான். தேங்காய்ச் சிரட்டையிலும் தகர டப்பா மூடியிலும் மண்ணை நிரப்பி, இரவெல்லாம் ஊறிய கேழ்வரகைத் தூவி, நிழலான மூலையில் வைத்துவிடுவார் அம்மா. இருபதாம் தேதிக்குள் விரல் நீளத்துக்குப் பச்சை எழும்பிவிடும். அதுதான் குடிலைச் சுற்றி வயல். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி நீலமும் கறுப்பும் தெளித்தால் மலை. உடைந்த முகக்கண்ணாடி குளம். பரணிலிருந்து இறங்கும் பெட்டியில் மரியா, யோசேப்பு, இடையர்கள், மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை. ஓர் ஆட்டுக்கு மட்டும் கால் ஒடிந்து, அந்த இடத்தில் தீக்குச்சி ஒட்டியிருக்கும். எல்லாம் அடுக்கி முடித்த பிறகும் நடுவிலுள்ள தீவனத் தொட்டி காலியாகவே கிடக்கும். பாலன் பொம்மை அலமாரியில், துணியில் சுற்றியபடி, இருபத்துநான்காம் தேதி நள்ளிரவுக்காகக் காத்திருக்கும். சிறுவயதில் எனக்கு அந்தக் காலித் தொட்டியைப் பார்க்கப் பார்க்க மனசு அடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நினைவு இருக்கும். இந்தக் குடிலின் வேரைத் தேடிப் போனால் இத்தாலியில் ஒரு மலையூருக்குப் போய்ச் சேர்வோம். ரோம் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே, லாத்சியோ மாநிலத்தின் ரியேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கடல் மட்டத்திலிருந்து 705 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிரேச்சோ. சுமார் 1,500 பேர் வாழும் ஊர். கல் வீடுகள், படிக்கட்டுத் தெருக்கள், ஒரு சதுக்கம், ஒரு பங்கு ஆலயம். ஊரிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கப் பாறைச் சரிவில் தேன்கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அசிசி நகரப் பிரான்சிஸ் அங்கேதான் ஒரு தொட்டியில் வைக்கோலைப் பரப்பினார்.

அந்த இரவை இந்த ஊர் மக்கள் ஆண்டுதோறும் தாங்களே நடித்துக் காட்டுகிறார்கள். அதைச் சொல்லும் முன் அன்று என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் நாம் கேள்விப்பட்ட கதையும் நடந்த கதையும் ஒன்றல்ல.

பதினைந்து நாள் முன்பு

அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி செலானோ ஊரைச் சேர்ந்த தோமா. அவரும் பிரான்சிஸின் சபையைச் சேர்ந்த துறவி. பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3-ஆம் தேதி மாலையில் இறந்தார். 1228 ஜூலையில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தத் திருத்தந்தையே கேட்டுக்கொண்டதால் தோமா புனிதரின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கிரேச்சோ இரவு நடந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று தீப்பந்தம் பிடித்து நின்றவர்கள் உயிரோடு இருந்த காலம் அது. ஆகவே அவர் எழுதியதை நாம் நம்பிப் படிக்கலாம்.

1223 பிரான்சிஸுக்கு வேதனையான ஆண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்குப் போய், சிலுவைப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துத் திரும்பியவர் அவர். அங்கே தொற்றிக்கொண்ட கண்நோய் அவரை விடவில்லை. உடலும் தளர்ந்துவிட்டது. சபையோ ஆயிரக்கணக்கான சகோதரர்களோடு பெருகிவிட்டது. அதற்கு எழுத்தில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று எல்லாரும் நெருக்கினார்கள். ரியேத்தி பள்ளத்தாக்கின் இன்னொரு மடமான ஃபோந்தே கொலொம்போவில் உட்கார்ந்து அவர் அதை எழுதினார். நவம்பர் 29-ஆம் தேதி திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் அதற்கு ஒப்புதல் முத்திரை வைத்தார். அதன் பிறகு ஒரு மாதம்கூட ஆகாமல் வந்தது கிறிஸ்துமஸ்.

திருநாளுக்குச் சுமார் பதினைந்து நாள் இருக்கும்போது பிரான்சிஸ் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பெயர் யோவான். ஊர் மரபு அவரை ஜொவான்னி வெலித்தா என்கிறது. அந்தப் பகுதியின் பெருந்தனக்காரர், உயர்குடியில் பிறந்தவர். ஆனால் குலப்பெருமையைவிட மனப்பெருமையை நேசித்தவர் என்று தோமா எழுதுகிறார். பிரான்சிஸ் அவரிடம் கேட்டது பெரிய உதவி அல்ல. பெத்லகேமில் பிறந்த குழந்தைக்கு என்னென்ன இல்லாமல் போயின, எப்படி அது தீவனத் தொட்டியில் கிடந்தது, மாடும் கழுதையும் பக்கத்தில் நிற்க எப்படி வைக்கோலின்மேல் படுத்திருந்தது என்பதை என் ஊனக்கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். யோவான் ஓடிப்போய் எல்லாவற்றையும் தயார் செய்தார்.

'ஊனக்கண்ணால்' என்ற ஒரு சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். பார்வை மங்கிக்கொண்டிருந்த மனிதர் கேட்டது அது. அவருக்கு இறையியல் விளக்கம் தேவைப்படவில்லை. குளிரையும் வைக்கோலையும் மாட்டின் மூச்சையும் கிட்டத்தில் காண ஆசைப்பட்டார்.

அன்று தொட்டியில் யாரும் இல்லை

இரவு வந்தது. சுற்றியிருந்த பல இடங்களிலிருந்து சகோதரர்களை வரவழைத்திருந்தார்கள். ஊர் ஆண்களும் பெண்களும் தங்களால் ஆன மெழுகுவத்திகளையும் தீப்பந்தங்களையும் செய்து எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினார்கள். காடு அவர்கள் குரலை எதிரொலித்தது. பாறைகள் பதில் பாடின என்கிறார் தோமா. தொட்டி தயாராக இருந்தது. வைக்கோல் கொண்டுவந்தார்கள். மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது.

பிரான்சிஸ் குரு அல்லர்; திருத்தொண்டர். ஆகவே அவர் திருப்பலி நிறைவேற்றவில்லை. திருத்தொண்டருக்குரிய உடை அணிந்து நற்செய்தியைப் பாடினார். பிறகு கூடியிருந்தவர்களுக்கு மறையுரை ஆற்றினார். 'பெத்லகேம்' என்று சொல்லும்போது அவர் குரல் ஆடு கத்துவது போல நீண்டது. 'பெத்லகேம் குழந்தை' என்றோ 'இயேசு' என்றோ சொல்லும்போதெல்லாம் அந்தப் பெயரின் இனிப்பைச் சுவைப்பவர் போல உதட்டை நாவால் தடவிக்கொண்டார். தேன் குடித்த குழந்தை உதட்டை நக்குமே, அப்படி. ஒரு புனிதரைப் பற்றி எழுதும்போது இதைப்போய் எழுதலாமா என்று தோமா தயங்கவில்லை. அவர் தயங்காததால்தான் அந்த மனிதர் இன்றைக்கும் நம் கண்முன் நிற்கிறார்.

இப்போது அந்தக் காட்சியில் யார் யார் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாவாக யாரும் வேடமிடவில்லை. யோசேப்பு இல்லை. வானதூதர் இல்லை, ராஜாக்கள் இல்லை. குழந்தை பொம்மையும் இல்லை. உலகின் முதல் உயிருள்ள குடில் என்று நாம் கொண்டாடும் இரவில் நடிகர் ஒருவர்கூட இல்லை. வைக்கோல் நிரம்பிய ஒரு தொட்டி, இரண்டு மிருகங்கள், சுற்றி ஊர் ஜனம். அவ்வளவுதான். ஜனம் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அல்ல, அவர்களே இடையர்கள். மலைமேல் ஆடு மேய்த்து, திராட்சை பயிரிட்டுப் பிழைத்தவர்கள் வேறெந்த வேடமும் போடத் தேவை இருக்கவில்லை.

அன்று கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு ஒரு காட்சி தெரிந்தது. தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றது போலக் கிடக்கிறது. பிரான்சிஸ் நெருங்கிப் போனதும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழிப்பது போலக் கண் திறக்கிறது. பலருடைய மனத்தில் மறந்துபோய்க் கிடந்த குழந்தையைப் பிரான்சிஸ் எழுப்பிவிட்டார் என்று தோமா இதற்குப் பொருள் சொல்கிறார். பின்னாளில் எழுதிய புனித பொனவெந்தூர், அந்தக் காட்சியைக் கண்டவர் யோவானேதான் என்றார். எங்கள் வீட்டுக் குடிலின் காலித் தொட்டி ஏன் என்னை அப்படிப் பிடித்து இழுத்தது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லூக்கா தீவனத் தொட்டியைச் சொல்கிறார், மிருகங்களைச் சொல்லவில்லை. நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அந்தத் தொட்டியை 'முன்னணை' என்கிறது. அந்தச் சொல்லே தொழுவத்தைக் காட்டிவிடுகிறது. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எசமானின் தொட்டியை அறியும், மக்களுக்கோ அறிவில்லை என்று இறைவாக்கினர் எசாயா வருந்தியிருந்தார். அந்த வாக்கைப் பற்றிக்கொண்டு கிறிஸ்தவர்கள் பழங்காலத்திலேயே இரண்டு மிருகங்களையும் தொழுவத்துக்குள் அழைத்து வந்துவிட்டார்கள். பிரான்சிஸ் அவற்றை ஓவியத்திலிருந்து இறக்கி உயிரோடு நிறுத்தினார்.

இதற்கு அவர் திருத்தந்தையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியதாகப் பொனவெந்தூர் குறிப்பிடுகிறார். புதுமை செய்கிறார் என்று யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாதே என்ற கவனம். கோயிலுக்குள் கூத்து நடத்துவதை 1207-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கண்டித்திருந்த காலம் அது.

இரவு முடிந்து எல்லாரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். தொட்டியிலிருந்த வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நோய் கண்ட ஆடுமாடுகள் அதைத் தின்று குணமாயின. பேறுகாலத்தில் துன்பப்பட்ட பெண்களின்மேல் அதை வைத்தபோது சுகப்பிரசவம் ஆனது என்று ஊர் நம்பியது. கோயில் திருநீறும் வேப்பிலையும் நம் ஊரில் எப்படியோ, அந்த ஊரில் அந்த வைக்கோல் அப்படி.

ஏன் இந்த ஊர்?

பிரான்சிஸ் நினைத்திருந்தால் அசிசியில் செய்திருக்கலாம். ரோமில் மரியன்னை பேராலயத்தில் பெத்லகேமின் தொட்டி என்று போற்றப்படும் பலகைகளே இருந்தன. அதை விட்டு ஒரு மலையூரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்?

அவருடைய தோழர்களின் நினைவுகளைத் தொகுத்த பழைய ஏடு ஒன்று இதற்கு விடை தருகிறது. கிரேச்சோ மக்கள் ஏழைகள், எளியவர்கள் என்பதால் அவருக்கு அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று. மாலையில் மடத்துச் சகோதரர்கள் இறைப்புகழ் பாடுவார்கள். அந்தக் குரல் பள்ளத்தைத் தாண்டி ஊருக்குக் கேட்கும். உடனே ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வாசலுக்கு வந்து, தெருவில் நின்று, உரத்த குரலில் பதில் புகழ் பாடுவார்கள். பேச்சு சரியாக வராத சிறு பிள்ளைகள்கூடப் புனிதரைப் பார்த்தால் இறைவனைப் புகழ்வார்களாம். எந்தப் பெரிய நகரத்திலும் இத்தனை பேர் மனம் திரும்பி நான் பார்த்ததில்லை என்று பிரான்சிஸ் சொன்னதாக அந்த ஏடு சொல்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு பதில் குரல். இந்த ஊர் கிறிஸ்துமஸ் இரவுக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கு முன்பு அந்த ஊர் பட்ட பாடும் பதிவாகியிருக்கிறது. ஓநாய்க் கூட்டம் ஆடுமாடுகளை மட்டுமல்ல, மனிதர்களையும் கடித்துக் குதறியது. ஆண்டுதோறும் ஆலங்கட்டி மழை வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அழித்தது. மனம் திருந்துங்கள், இது நிற்கும் என்று பிரான்சிஸ் அவர்களிடம் சொன்னார், நின்றது. பக்கத்து ஊர் வயலில் விழுந்த ஆலங்கட்டி கிரேச்சோ எல்லைக்கு வந்ததும் விலகிப்போனது என்று தோமா தம் இரண்டாவது நூலில் எழுதுகிறார். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. செழிப்பு வந்ததும் மக்கள் பழையபடி ஆனார்கள் என்றும், வாளும் நோயும் நெருப்பும் ஊரைத் தீர்த்தன என்றும் சேர்த்தே எழுதினார். புகழ் பெற்ற ஊர் என்பதற்காக அவர் ஒளித்து மறைக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பெரிதாகத் தெரிகிறது. கிரேச்சோ தேவலோகம் அல்ல. தவறிய, எரிந்த, மறுபடி எழுந்த ஊர்.

இதே ஊரில்தான் சகோதரர் ஒருவர் கண்ணியில் மாட்டிய முயலைக் கொண்டுவந்து பிரான்சிஸிடம் கொடுத்தார். ஏன் இப்படி ஏமாந்தாய் என்று பிரான்சிஸ் அதைக் கடிந்துகொண்டு தரையில் விட்டார். அது ஓடவில்லை, திரும்பத் திரும்ப அவர் மடிக்கே வந்தது. கடைசியில் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவரச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கனமானது. ஒரு பெருவிழா நாளில் கிரேச்சோ மடத்துச் சகோதரர்கள் வழக்கத்தைவிட உயரமான மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் குவளைகளை அடுக்கிவிட்டார்கள். அறையிலிருந்து இறங்கி வந்த பிரான்சிஸ் அதைப் பார்த்தார். ஓசைப்படாமல் வெளியே போனார். அங்கே வந்திருந்த ஓர் ஏழையின் தொப்பியையும் கைத்தடியையும் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று, வழிப்போக்கன் ஒருவனுக்குப் பிச்சை போடுங்கள் என்று குரல் கொடுத்தார். உள்ளே வந்து சாம்பல் கிடந்த தரையில் அமர்ந்து சாப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் அழுதார்கள். பெருவிழாவை ஆடம்பரமாக்குவதற்கு அவர் தந்த பதில் அதுதான். தொட்டியில் வைக்கோலைப் பரப்பியவரும் தரையில் சாம்பலில் உட்கார்ந்தவரும் ஒரே மனிதர் என்பதை மறந்துவிட்டால் குடில் வெறும் அலங்காரமாகிவிடும்.

மிக்கேல் சம்மனசின் மணிக்கூண்டு

மடத்துக்குப் போகிறவர்கள் பலர் ஊருக்குள் நுழையாமலேயே திரும்பிவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு. அன்று பந்தம் பிடித்து வந்தவர்கள் புறப்பட்ட இடம் ஊர்தான்.

கிரேச்சோ ஒரு கோட்டையூர். பழைய கோட்டையின் கோபுரங்களில் சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுதான் பிற்காலத்தில் பங்கு ஆலயத்தின் மணிக்கூண்டாக மாறியது. காவலர் நின்று பகைவரைப் பார்த்த கோபுரத்திலிருந்து இன்று கோயில் மணி ஒலிக்கிறது. ஆலயம் அதிதூதர் மிக்கேலுக்கு, நம் பெரியவர்கள் சொல்வதுபோல் மிக்கேல் சம்மனசுக்கு, அர்ப்பணிக்கப்பட்டது. மத்திய இத்தாலியின் மலைமுகடுகளில் மிக்கேல் கோயில்கள் நிறைய உண்டு. அந்த நிலத்தை ஆண்ட லொம்பார்தியர்கள் வாளேந்திய அந்த வானதூதரைத் தங்கள் காவலராகக் கொண்டாடினார்கள்.

பிரான்சிஸுக்கும் மிக்கேல்மேல் தனிப்பற்று இருந்தது. மரியாவின் விண்ணேற்பு விழாவிலிருந்து செப்டம்பர் 29-இல் வரும் மிக்கேல் திருநாள் வரை நாற்பது நாள் நோன்பு இருப்பார். 1224-இல் லா வெர்னா மலையில் அந்த நோன்பில் இருந்தபோதுதான் இயேசுவின் ஐந்து திருக்காயங்களைத் தம் உடலில் பெற்றார். கிரேச்சோ கிறிஸ்துமஸ் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தொட்டியிலிருந்து சிலுவை வரை அவர் நடந்த தூரம் ஒன்பது மாதம்.

மடத்தில் பார்க்க வேண்டியது குடில் சிற்றாலயம். தோமா எழுதும் காலத்திலேயே தொட்டி இருந்த இடத்தின்மேல் பலிபீடம் எழுந்துவிட்டது. பலிபீடத்துக்கு அடியில் பாறை அப்படியே தெரிகிறது. அதன் மேற்சுவரில் 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீட்டிய ஓவியம். ஒரே சுவரில் இரண்டு பிறப்புகள். ஒரு பக்கம் பெத்லகேம்: மரியா குழந்தைக்குப் பாலூட்டுகிறார், யோசேப்பு அருகில் இருக்கிறார். மறுபக்கம் கிரேச்சோ: திருத்தொண்டர் உடையில் பிரான்சிஸ் மண்டியிட்டுக் குழந்தையை வணங்குகிறார், பின்னால் ஊரார். நடுவே சுவர் இல்லை, திரை இல்லை. 1,200 ஆண்டு இடைவெளியை அந்த ஓவியர் ஒரு கை அகலத்துக்குள் சுருக்கிவிட்டார்.

சிற்றாலயத்தைத் தாண்டினால் பாறையைக் குடைந்த ஒடுங்கிய படுக்கையிடம். குனிந்துதான் போக வேண்டும். அதற்கு மேல் பொனவெந்தூர் காலத்தது என்று சொல்லப்படும் மரப்பலகைத் தடுப்பறைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நிற்கும் அளவு. சபையின் தலைவராக இருந்து 1257-இல் பொறுப்பைத் துறந்த பார்மா நகர யோவான், அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே தவத்தில் கழித்தார். பிரான்சிஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பழைய படம் ஒன்றும் இங்கே இருக்கிறது. ஒளிவட்டத்தோடு நிற்கும் ஆயிரம் படங்களைவிட, நோயுற்ற கண்ணைத் துடைக்கும் இந்தப் படம் எனக்கு நெருக்கமானது.

மூதாதையரை நடிக்கும் ஊர்

1970-களின் தொடக்கத்திலிருந்து கிரேச்சோ மக்கள் அந்த இரவை நாடகமாக நிகழ்த்திவருகிறார்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவில் தொடங்கி ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை சில நாட்களில் இது நடக்கும். மடத்துப் பாறைக்குக் கீழே திறந்தவெளிதான் மேடை. பதின்மூன்றாம் நூற்றாண்டு உடையில் ஊராரே நடிகர்கள். ஆறு உயிர்க் காட்சிகள். பிரான்சிஸ் கிரேச்சோவுக்கு வருவது, யோவானைச் சந்திப்பது, திருத்தந்தையிடம் அனுமதி பெறுவது என்று படிப்படியாக வளர்ந்து, கடைசியில் தொட்டியும் வைக்கோலும் திருப்பலியும் வரும். டிசம்பர் குளிரில், பாறை இடுக்கில் எரியும் பந்தங்களின் வெளிச்சத்தில் நடக்கும்.

ஐரோப்பாவில் உயிர்க் குடில் நடத்தும் ஊர்கள் ஏராளம். அங்கெல்லாம் ஊரார் பெத்லகேம் மக்களாக நடிப்பார்கள்: ஒருவர் தச்சர், ஒருவர் விடுதிக்காரர், ஒருவர் ஏரோது. கிரேச்சோவில் ஊரார் தங்கள் சொந்த முப்பாட்டன் பாட்டிகளாக நடிக்கிறார்கள். குழந்தை பிறந்ததைக் காட்டுவதைவிட, அதை எங்கள் ஊர் எப்படி வரவேற்றது என்பதைக் காட்டுவதுதான் அவர்களுக்கு முக்கியம். ஊர்க் காவல் தெய்வத்தின் கதையைத் திருவிழாவில் அந்த ஊர்க்காரர்களே கூத்தாகக் கட்டும்போது அதில் ஒரு சூடு இருக்குமே, அது வெளியூர்க் கலைஞருக்கு வராது. அந்தச் சூடுதான் இங்கேயும். யோவானாக நடிப்பவருக்கு அந்த மலை தெரியும். பந்தம் பிடிப்பவளுக்கு அந்தப் பாதையில் எந்தக் கல் ஆடும் என்று தெரியும்.

கிரேச்சோவிலிருந்து குடில் உலகெங்கும் பரவிய கதை நீளமானது. 28 காட்சிகளாகப் பிரான்சிஸின் வாழ்வைச் சொல்லும் அசிசிப் பேராலயச் சுவரோவியங்களில் கிரேச்சோ பதின்மூன்றாவது. ஜோத்தோ தீட்டியதாகச் சொல்லப்படும் அந்த ஓவியம் காட்டில் நடந்ததை ஓர் ஆலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. உள்ளே குருக்களும் பிரபுக்களும் நிற்க, பெண்கள் தடுப்பின் வாசலோடு நின்று எட்டிப் பார்க்கிறார்கள். மேலே சாய்த்து மாட்டிய சிலுவையின் பின்பக்க மரச்சட்டம் தெரிகிறது. ஓவியத்தின் அழகில் குறையில்லை. ஆனால் தோமாவின் எழுத்தில் ஆணும் பெண்ணும் பந்தத்தோடு ஒன்றாக மலையேறினார்கள். நான் அந்தப் பக்கம்தான். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தையான நான்காம் நிக்கோலாஸ் காலத்தில், 1291 வாக்கில், சிற்பி அர்னொல்ஃபோ தி காம்பியோ ரோம் மரியன்னை பேராலயத்துக்காகப் பளிங்கில் குடில் உருவங்களைச் செதுக்கினார். வைக்கோல் கல்லானது. பிறகு நேப்பிள்ஸ் நகரின் 18-ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் களிமண்ணிலும் பட்டுத் துணியிலும் மீன்காரர், ரொட்டிக்காரர், இசைக்காரர் என்று ஒரு சந்தையையே குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். துறவிகளோடும் மறைப்பணியாளர்களோடும் கடல் தாண்டிய வழக்கம், கேழ்வரகுப் பச்சையோடு நம் வீட்டு மூலைக்கும் வந்து சேர்ந்தது.

பிரான்சிஸ் என்ற பெயரை முதன்முதலில் சூட்டிக்கொண்ட திருத்தந்தை 2016 ஜனவரி 4-ஆம் தேதி முன்னறிவிப்பில்லாமல் கிரேச்சோவுக்கு வந்து குடில் சிற்றாலயத்தில் செபித்தார். 2019 டிசம்பர் 1-ஆம் தேதி மீண்டும் வந்து, குடிலின் பொருளைப் பற்றிய தம் திருமடலில் அங்கேயே கையெழுத்திட்டார். கிரேச்சோவில் அன்று உருவச் சிலைகள் இருக்கவில்லை, வந்திருந்தவர்களே பிறப்பை வாழ்ந்து காட்டினார்கள் என்பதை அவரும் அந்த மடலில் எடுத்துச் சொன்னார். எண்ணூறாவது ஆண்டான 2023-இல் வத்திக்கான் சதுக்கத்துக் குடில் ரியேத்தி பள்ளத்தாக்கிலிருந்து சென்றது. பெத்லகேமோடு கிரேச்சோ இரவையும் அது காட்டியது.

பிரான்சிஸுக்கு நிறைவேறாத ஆசை ஒன்று உண்டு. பேரரசரைப் பார்த்துப் பேச முடிந்தால் ஒரு சட்டம் போடச் சொல்வேன் என்பார். கிறிஸ்துமஸ் அன்று பறவைகள் தின்ன வீதியெங்கும் தானியம் இறைக்க வேண்டும். அன்று பணம் உள்ளவர்கள் ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும். தொட்டியருகே நின்ற உறவுக்காக, மாட்டுக்கும் கழுதைக்கும் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புல் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தபோது இறைச்சி கூடாதே என்று சகோதரர் ஒருவர் தயங்கினார். இன்றைக்குச் சுவர்கூட இறைச்சி தின்ன வேண்டும், தின்ன முடியாவிட்டால் மேலே பூசியாவது விடுங்கள் என்றார் அவர். வருடமெல்லாம் நோன்பு இருந்த மனிதர் சொன்னது.

அந்தச் சட்டத்தை எந்தப் பேரரசரும் போடவில்லை. நாம் நம் வீட்டில் போட்டுக்கொள்ளலாம். இந்த டிசம்பர் 25 காலையில் மொட்டைமாடியில் ஒரு கைப்பிடி தானியம், தெருவில் பசியோடு இருப்பவருக்கு நம் வீட்டுச் சமையலில் ஓர் இலை, பக்கத்துத் தொழுவத்து மாட்டுக்கு ஒரு கட்டுப் பசும்புல். குடில் கட்டும் வீடோ, கட்டாத வீடோ, செய்து பாருங்கள்.